ஏரிக்கரையில் பழகி ஆழ்கடலுக்குச் செல்லுதல்: அந்தமானில் தூண்டில் விளையாட்டு

ஜவ்வாது மலையின் அடிவாரத்திலே, ஆலங்காயத்து ஏரிக்கரைகளில் மூங்கிற்கழியும் தக்கையும் மண்புழுவுமாகக் கெண்டைக்குக் காத்திருந்து பழகிய ஒருவர், என்றேனும் ஒருநாள் சமுத்திரத்தின் நடுவிலே தம் கழியை வில்லாக வளைக்கும் ஒரு பெருமீனோடு பலம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவாரானால், அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ளும் முறையை அவருக்கு முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகச் சொல்லிக் கொடுப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். போகவேண்டிய இடம் அந்தமான். ஆலங்காயத்திலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால், அது வங்கக் கடலைத் தாண்டி ஏறத்தாழ அத்தீவுகளின் மீதே போய் விழும். அட்சரேகையில் இரண்டும் அவ்வளவு நெருக்கம்.

கழி, சுழலி, நூல் ஆகிய மூன்றின் துணையோடு மட்டுமே பெருமீனை எதிர்கொள்ள வேண்டும் என்னும் விளையாட்டு நியதி, கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சாந்தா காட்டலினா தீவில் 1898-ஆம் ஆண்டு தோன்றிய சூரைமீன் சங்கத்தாரால் உலகெங்கும் பரவியது. நம் பக்கத்திலோ அதற்கும் முன்னரே, சென்னை மாகாணத்தில் அதிகாரியாயிருந்த எச். எஸ். தாமஸ், இந்திய நீர்நிலைகளில் தூண்டிலிடுவதைப் பற்றி 1873-இல் ஒரு நூலே வெளியிட்டுவிட்டார். சரித்திரம் இவ்வளவு போதும். இனிக் காரியத்துக்கு வருவோம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கடலில் படகு ஏறிய பிறகு எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள அவகாசம் இராது. முடிச்சும் வீச்சும் நிதானமும் ஊரிலேயே கைவந்திருக்க வேண்டும். மீனை உயிரோடு திருப்பி அனுப்பும் வித்தையும் அப்படியே. இவை கைவராமல் செல்பவர் பணத்தையும் இழப்பார், மீன்களையும் வீணே கொல்வார்.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

அந்தமானில் தென்மேற்குப் பருவமழை சாதாரணமாக மே மாதத்தின் நடுப்பகுதியை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் புயல்களுக்கு உரிய காலம். ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் முற்பகுதி வரையிலான மாதங்களே புதியவருக்கு ஏற்றவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்பகுதியில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருப்பதால், அந்த நாட்களைத் தவிர்த்துத் திட்டமிடுவது எல்லா வகையிலும் நல்லது.

மாதத்தைத் தேர்ந்த பின் திதியைப் பாருங்கள். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே இதற்குப் போதும். அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை சென்று, பாறைத் திட்டுகளின் விளிம்பில் நீரோட்டம் வலுக்கிறது; சிறு மீன்கள் அந்த ஓட்டத்தில் நிலைதடுமாறுகையில் பெருமீன்கள் வேட்டைக்கு எழுகின்றன. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் தணிந்து, ஆழத்தில் இரும்பு இரையை இறக்குவதற்குச் சௌகரியமாகிறது. முதல் பயணத்தை அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ இரண்டு மூன்று நாள் கழித்து வைத்துக்கொண்டால், நீர்ப்பரப்பில் வீசுதல், ஆழத்தில் இறக்குதல் ஆகிய இரண்டு முறைகளையும் பழகலாம்.

எந்த மீனை நாடிச் செல்கிறோம்?

1. பெரும்பாறை. படகுக்காரர்கள் 'ஜி.டி.' என்று சொல்வது இதனையே. பவளப்பாறையின் விளிம்பில் திரிந்து, நீர்ப்பரப்பில் சத்தமிடும் மர இரையை ஆவேசத்தோடு தாக்கும். ஹவாய்த் தீவுகளில் 1991-இல் பிடிபட்ட 72.8 கிலோ மீனே இவ்வினத்துக்கு உலக சாதனையாகப் பதிவாகியுள்ளது.
2. சூரை, வஞ்சிரம், சீலா. இவை திறந்த கடலிலும் பாறை ஓரங்களிலும் வேகமாகப் பாய்பவை. சீலாவும் வஞ்சிரமும் நைலான் நரம்பைப் பல்லால் அறுத்துவிடும். சிறிது கம்பி தேவை.
3. களவா, சங்கரா முதலியன. ஆழத்தில், பாறைப் பொந்துகளை ஒட்டி வாழ்பவை.
4. தளப்பத்து எனும் மயில்மீன். முதுகுத் துடுப்பைப் பாய்மரமாய் விரிக்கும் அழகிய மீன். முதல் பயணத்தில் இதனை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம்.

புதியவர் முதலாவது இனத்தின் மீதே கண்வைத்துச் செல்வது வழக்கம். ஆனால் அதற்குரிய கனமான கழியை நாள் முழுதும் வீசுவதற்குத் தோள் பழகியிருக்க வேண்டுமாதலால், முதல் நாளை இலேசான கருவியோடு ஆழ்நீர் மீன்களுக்கு ஒதுக்கி, இரண்டாம் நாள் பெரும்பாறையை நாடுவதே முறை.

ஊரிலேயே முடிக்க வேண்டிய அப்பியாசம்

புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே இதனைத் தொடங்கிவிடுங்கள்.

1. முடிச்சு. 'யூனி' முடிச்சு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகினால் பெரும்பாலான காரியங்களுக்கு அது போதும். நரம்பின் நுனியை வளையத்தில் நுழைத்து, ஒரு சாண் அளவு வெளியே இழுத்து, மூல நரம்போடு இணையாகப் பிடியுங்கள். நுனியைத் திருப்பி ஒரு கண்ணி அமையும்படி செய்து, அந்தக் கண்ணிக்குள்ளாகவே இரண்டு நரம்புகளையும் சேர்த்து ஐந்து சுற்று சுற்றுங்கள். பிறகு எச்சிலாலோ தண்ணீராலோ நன்றாக நனைத்து, நுனியை மெல்ல இழுத்துச் சுற்றுகள் ஒன்றன்மேலொன்று ஏறாமல் வரிசையாகப் படிய விட்டு, மூல நரம்பை இழுத்து முடிச்சை வளையத்தோடு சேருங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டில் நரம்பு வெந்து வெளுத்துப்போகும். அந்த வெளுப்பைக் கண்டால் தயங்காமல் அறுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். முறுக்கு நூலையும் தடித்த நைலான் நரம்பையும் இணைப்பதற்கு, இரு பக்கமும் இதே முடிச்சைப் போட்டு ஒன்றோடொன்று சேர்க்கலாம்.

2. முடிச்சின் பரீட்சை. கொல்லையில் ஒரு வேப்பங்கிளையில் நரம்பைக் கட்டி, மறுமுனையில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள். இருபது கிலோ பாரம் ஆகிவிட்டது. பாரத்தை மெதுவாக இறக்குங்கள், கால்களை அடியில் வைக்காதீர்கள். இரவு முழுதும் தாங்கி நின்ற முடிச்சே கடலுக்குத் தகுதியானது.

3. வீச்சு. அறுவடை முடிந்த வயலிலோ ஆளரவமற்ற தரிசிலோ, முள் இல்லாத 60 கிராம் மரக்கட்டையைக் கட்டி வீசிப் பழகுங்கள்; கை பழகிய பின் 100 கிராமுக்கு ஏறுங்கள். முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு பழைய டயரைப் போட்டு, அதனைச் சுற்றி ஒரு கழியளவுக்குள் பத்தில் ஏழு வீச்சாவது விழும்வரை தொடருங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதை மாறாத வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். படகில் உங்கள் பின்னால் மனிதர் நிற்பார்கள்.

4. இழுவைக் கட்டுப்பாடு. மீன் பாயும்போது அறுந்துபோகாமல் நூலை விட்டுக்கொடுக்கும் தடையமைப்பு சுழலியில் உண்டு. பழைய சாமான் கடைக்காரர் வைத்திருக்கும் கைத்தராசு ஒன்றை நூலின் நுனியில் மாட்டி, ஒருவர் கழியைப் பிடிக்க மற்றொருவர் நேராக இழுத்து, எத்தனை கிலோவில் சுழலி இளகுகிறது என்று பாருங்கள். நூலின் தாங்குசக்தியில் மூன்றில் ஒரு பங்கில் அது இளக வேண்டும். 18 கிலோ நூலுக்கு ஆறு கிலோ, 36 கிலோ நூலுக்குப் பன்னிரண்டு கிலோ.

5. ஏரியில் பழகுதல். விராலும் ஜிலேபியும் உள்ள ஏரியில் செயற்கை இரை போட்டுப் பழகினால், மீன் கவ்விய கணத்தில் பதறாமலிருக்கும் பயிற்சி கிட்டும். ஆனால் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் முதலில் சென்று அனுமதி கேளுங்கள். அது அவருடைய ஜீவனம். சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் தாய் விராலைக் கண்டால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். அதனைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் பிற மீன்களுக்கு இரையாகும்.

> குறிப்பு: வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கங்களில் தோல் பதனிடும் கழிவுநீர் சேர்ந்த பாலாற்றங்கரை நீர்நிலைகளில் பழகலாம், அங்கே பிடித்த மீனைச் சமையலுக்குக் கொண்டுவரலாகாது. அந்தக் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996-இல் நாடறிந்த தீர்ப்பாயிற்று. பிடித்தவற்றை அப்படியே நீரில் விடுங்கள்.

சாதனங்கள்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

கடலுக்குரிய நல்ல கழியும் சுழலியும் அதிக விலை கொண்டவை. முதல் பயணத்துக்கு அவற்றைப் படகுக்காரரிடமே வாடகைக்குப் பெற்று, கையோடும் உடலோடும் ஒட்டிய சில பொருள்களை மட்டும் சொந்தமாக வாங்குவது விவேகம். வாடகைக்கு எடுப்பதாயினும் அளவுகளைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

1. ஆழ்நீருக்கு: ஏறத்தாழ ஆறடிக் கழி, 18 கிலோ முறுக்கு நூல், 100 முதல் 200 கிராம் வரையிலான இரும்பு இரைகள்.
2. பெரும்பாறைக்கு: ஏறத்தாழ எட்டடிக் கழி, 36 கிலோ முறுக்கு நூல் முந்நூறு மீட்டர், நுனியில் 60 முதல் 75 கிலோ தாங்கும் நைலான் நரம்பு.
3. முள்: மும்முனை முட்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மாட்டுங்கள். முள்ளின் எதிர்ச்செதிளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். நூல் தளராதவரை மீன் தப்பாது. விடுவிக்கும்போது காயமும் குறையும். உங்கள் கையில் ஏறினாலும் எளிதில் வெளிவரும்.
4. விரலுறை: வீசும்போது முறுக்கு நூல் ஆள்காட்டி விரலைக் கத்தியாய் அறுக்கும். நம் பகுதியில் கையுறைக்கு வெட்டும் மெல்லிய தோலின் துண்டு ஒன்றை விரலளவுக்குத் தைத்துப் போட்டுக்கொண்டால், கடையில் வாங்கும் எதற்கும் அது குறைந்ததன்று. தையல் விரலின் மேற்புறம் வரட்டும்; உட்புறம் வந்தால் நூல் அதில் சிக்கும்.
5. மற்றவை: நீண்ட மூக்குக் குறடு, நூல் வெட்டும் கத்தரி, ஒளித்தெறிப்பைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் துணி, வழுக்காத செருப்பு.

பிரயாணம்

வாணியம்பாடியில் ரயிலேறிச் சென்னை சென்று, அங்கிருந்து விமானத்தில் ஏறினால் இரண்டே கால் மணி நேரத்தில், முன்பு போர்ட் பிளேர் என்றும் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்றும் வழங்கும் தலைநகரை அடையலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு; சுமார் 1,200 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும்.

விமானத்தில் முள், குறடு, கத்தரி, ஈயக்குண்டு ஆகியவற்றைக் கைப்பையில் கொண்டுசெல்ல விடமாட்டார்கள்; அவை ஒப்படைக்கும் பெட்டியில் போக வேண்டும். தலைவிளக்கின் தனி பேட்டரிகளோ கைப்பையில்தான் போக வேண்டும். கழியைத் தடித்த பிளாஸ்டிக் குழாயில் இட்டு இருபுறமும் மூடுங்கள்; எடை வரம்பை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அந்தமானிலும் நம் கடிகாரமே, ஆனால் சூரியன் நம் ஊரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக உதித்து, அதே அளவு முன்னதாக மறைகிறது. மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுமாதலால் விடியற்காலை ஐந்து மணிக்குப் படகில் இருப்பதாகத் திட்டமிடுங்கள்.

படகை அமர்த்துதல்

அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. நம் மொழியிலேயே பேசி விசாரிக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

1. சுற்றுலா மீன்பிடிப்புக்கு உரிய உரிமம் படகுக்கு உண்டா? சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.
2. ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை உண்டா?
3. வானொலித் தொடர்பும் ஆபத்து அறிவிக்கும் கருவியும் வேலை செய்கின்றனவா? கரையைவிட்டுச் சிறிது தூரம் சென்றதுமே கைப்பேசி பயனற்றுப்போகும்.
4. எஞ்சின் நின்றால் மாற்று எஞ்சின் உண்டா?
5. பிடித்த மீன் யாருக்கு? திருப்பி விடுவதே உங்கள் எண்ணம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு நடுக்கடலில் வாக்குவாதம் வேண்டாம்.

மீறலாகாத எல்லைகள். வண்டூரிலுள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவிலும், ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவிலும் தூண்டில் போடக் கூடாது. பழங்குடியினரைக் காக்கும் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி ஒதுக்கப்பட்ட கரைகளை, குறிப்பாக வடக்கு சென்டினல் தீவையும் அதனைச் சூழ்ந்த ஐந்து கடல்மைல் நீர்ப்பரப்பையும், நெருங்கவே கூடாது. அம்மக்களுக்கு நம்மால் தொற்றும் ஒரு சாதாரணக் காய்ச்சலும் நாசத்தை விளைவிக்கலாம். எவ்வளவு நல்ல மீன் அங்கே உண்டென்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். திமிங்கலச் சுறா, கடல் ஆமை, கடற்பசு, ராட்சதக் களவா ஆகியவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவை. தற்செயலாய்ச் சிக்கினால் நூலை முள்ளுக்கு அருகில் வெட்டி, நீருக்குள்ளிருந்தபடியே விடுவிக்க வேண்டும்.

கடலில்: செய்ய வேண்டிய வரிசை

நீர்ப்பரப்பில் பெரும்பாறைக்கு வீசுதல்

1. படகோட்டி படகைப் பாறைத்திட்டின் ஆழமான பக்கத்தில் நிறுத்தும்வரை முள்ளைக் கழியின் வளையத்தில் மாட்டியே வைத்திருங்கள்.
2. கால்களை அகட்டி, முழங்காலைப் படகின் உட்சுவரில் சாய்த்து நில்லுங்கள். பின்னால் பாருங்கள், 'வீசுகிறேன்' என்று உரக்கச் சொல்லுங்கள், வீசுங்கள்.
3. நுரை வெளுத்து உடையும் விளிம்புக்குச் சற்று அப்பால் இரை விழட்டும். கழியைத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒருமுறை வலுவாக இழுத்து நீரைத் தெறிக்கச் செய்யுங்கள், தளர்ந்த நூலைச் சுற்றிக்கொண்டு, இரண்டு விநாடி சும்மா இருங்கள், மறுபடியும் இழுங்கள். பெரும்பாலான தாக்குதல்கள் அந்தச் சும்மா இருக்கும் விநாடிகளிலேயே நிகழ்கின்றன.
4. நீர் வெடித்ததும் கழியைத் தூக்கிவிடாதீர்கள். மீனின் பாரம் கைக்கு வந்து சேரும்வரை பொறுத்து, பிறகு கழியைத் தாழ்வாகவே வைத்துக்கொண்டு இரண்டு முறை வெட்டி இழுங்கள்.
5. முதல் பாய்ச்சலில் அது பவளப்பாறைக்குள் புகவே முயலும். படகோட்டி ஆழத்தை நோக்கிப் படகைத் திருப்புவார். நீங்கள் இடுப்பில் கட்டிய பட்டையின் குழியில் கழியடியை ஊன்றி, நூலைத் தளரவிடாமல் நில்லுங்கள்.
6. கழியை மெல்ல உயர்த்துங்கள். தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். தோளைவிட உயரமாகக் கழியைத் தூக்கினால், குறிப்பாக மீன் படகின் அடியில் இருக்கையில், கழி ஒடிந்துவிடும்.

ஆழத்தில் இரும்பு இரையை இறக்குதல்

1. இரையைத் தரை தட்டும்வரை விடுங்கள். தட்டியதை விரலால் உணர்ந்த உடனே இரண்டு சுற்று மேலே எடுங்கள். தாமதித்தால் பாறையில் மாட்டும்.
2. ஒரு தூக்கு, ஒரு சுற்று என்ற தாளத்தில் இருபது முப்பது மீட்டர் வரை கொண்டுவந்து, மீண்டும் விழவிடுங்கள்.
3. விழும் இரை நடுவில் நின்றால், மீன் கவ்வியதென்று கொண்டு உடனே இழுங்கள்.

பிடித்த மீனைக் கையாளுதல்

இந்த விளையாட்டின் தர்மம் அடங்கியுள்ள இடம் இது. நீரில் விட்ட மீன் நீந்திச் சென்றுவிட்டது என்பதால் அது பிழைத்துவிட்டதென்று பொருளில்லை. நாம் செய்யும் சிறு அலட்சியம் அதனைச் சில மணி நேரங்களில் கொன்றுவிடக்கூடும்.

1. கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை, மீனின் உடலைக் காக்கும் வழவழப்பைத் துடைத்தெடுத்துவிடும்.
2. இயன்றால் நீரிலேயே வைத்து, குறடால் முள்ளை வந்த வழியே திருப்பி எடுங்கள்.
3. படம் எடுக்க வேண்டுமாயின் அனைத்தையும் முன்பே தயார் செய்துவிட்டு, ஒரு கை வால் மூட்டிலும் மறுகை வயிற்றின் அடியிலுமாகப் படுக்கைவசத்தில் தூக்குங்கள். தாடையில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பெருமீனின் உள்ளுறுப்புகள் அதன் எடையாலேயே சிதையும்.
4. மீனை நீரிலிருந்து எடுக்கும்போது உங்கள் மூச்சையும் அடக்குங்கள். உங்களுக்கு மூச்சு தேவைப்படும் கணமே மீனையும் நீருக்குத் திருப்பும் கணம்.
5. பெரும்பாறையை வாலைப் பிடித்து நீரோட்டத்துக்கு எதிராக நிறுத்தி, அது தானாக உதறிக்கொண்டு செல்லும்வரை பொறுங்கள். சூரையைத் தலைகீழாக, வேகமாக நீருக்குள் செலுத்துங்கள். அது நீந்தினால்தான் சுவாசிக்கும்.
6. ஆழத்திலிருந்து வந்த களவாவும் சங்கராவும், அழுத்தம் குறைவதால் வயிறு ஊதி மிதக்கக்கூடும். அவற்றைச் சும்மா விட்டால் பிழைக்கா. எடை கட்டிய கருவியால் மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிடுங்கள். அந்தக் கருவி இல்லாவிடில், உணவுக்கு வேண்டிய ஒன்றிரண்டோடு ஆழ்நீர்ப் பிடிப்பை நிறுத்திவிடுங்கள்.

> குறிப்பு: பவளப்பாறைப் பகுதியில் வாழும் பெரிய சீலா, பெரும்பாறை, சங்கரா ஆகியவற்றின் உடலில் ஒருவகை நஞ்சு சேர்ந்திருக்கலாம், அது சமைத்தாலும் அழியாது. உணவுக்குச் சிறிய மீனையே வைத்துக்கொள்ளுங்கள். சூரையைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் இடாவிட்டால் அதிலும் ஒவ்வாமை தரும் பொருள் உண்டாகும்.

புதியவர் வழக்கமாகச் செய்யும் பிழைகள்

1. மீன் பாய்கையில் பதறித் தடையமைப்பை மேலும் இறுக்குதல். கைத்தராசில் வைத்த அளவைக் கடலில் மாற்றாதீர்கள்.
2. மீன் நூலை இழுத்துச் செல்லும்போதே சுழலியைச் சுற்றிக்கொண்டிருத்தல். நூல் முறுக்கேறிக் கெடும்.
3. பாறையில் உரசிய நரம்பை மாற்றாதிருத்தல். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கடைசி ஒரு மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் வெட்டி எறிந்து புதிதாக முடியுங்கள்.
4. வெட்டிய நூலைக் கடலில் போடுதல். அது பல்லாண்டு மட்காமல் ஆமைகளையும் பறவைகளையும் சிக்கவைக்கும். ஒரு டப்பாவில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.
5. கருவியை நன்னீரில் கழுவாமல் மூட்டை கட்டுதல். அன்றன்று மாலை மெல்லிய தாரையில் கழுவித் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

பாதுகாப்பு

1. நூல். முறுக்கு நூலையோ நரம்பையோ ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். இருபது கிலோ மீன் ஒருமுறை உதறினால் விரல் போய்விடும்.
2. முள் ஏறினால். எதிர்ச்செதிள் நசுக்கப்பட்டிருந்தால் வந்த வழியே எடுத்து, கழுவி, கரை திரும்பியதும் தனுர்வாத ஊசி பற்றி வைத்தியரைக் கேளுங்கள். கண்ணருகிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் தொடாமல், அசையாமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.
3. நச்சு முள் மீன்கள். கல்மீன் முதலியவற்றின் முள் தைத்தால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைப்பது வேதனையைத் தணிக்கும். பின்பு வைத்தியரிடம் விரையுங்கள். அடையாளம் தெரியாத மீனைக் கையால் தொடாதீர்கள்.
4. முதலை. அந்தமானின் சதுப்பு ஓடைகளிலும் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. அங்கே கரையில் நின்று வீசுவதும், நீரில் இறங்குவதும், மீன் கழுவுவதும் கூடா.
5. இடி மின்னல். இக்காலக் கழிகள் கரியிழையால் ஆனவை, மின்சாரத்தைக் கடத்தும். வானம் இருண்டு முழங்கினால் கழியைக் கீழே கிடத்திவிட்டுக் கரை திரும்பச் சொல்லுங்கள்.
6. வெயிலும் குமட்டலும். ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீரும் சில உப்புக்கரைசல் பொட்டலங்களும் வேண்டும். கடற்குமட்டல் மாத்திரையை வைத்தியர் யோசனையோடு முந்திய இரவே உட்கொள்ளுங்கள். தொடங்கிய பின் உட்கொள்வதால் பிரயோஜனம் குறைவு. காலையில் இட்லி போன்ற இலேசான ஆகாரம் போதும். வெறும் வயிறும் எண்ணெய்ப் பண்டமும் இரண்டுமே கெடுதல்.
7. நிலநடுக்கம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவுகளைத் தாக்கியதை மறவாதீர்கள். கரையில் இருக்கும்போது நிலம் பலமாக அதிர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறுங்கள். கடலில் இருந்தால் ஆழமான நீரிலேயே நிற்கும்படி படகோட்டியிடம் சொல்லுங்கள்.
8. உதவிக்கு. இந்தியக் கடலோரக் காவற்படையின் அவசர எண் 1554. அதனைக் கைப்பேசியில் பதிந்து வைப்பதோடு, செல்லும் திசையையும் திரும்பும் நேரத்தையும் தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

வாசகருக்கு ஒரு வார்த்தை

அந்தமானுக்குச் செல்லும் செலவு சாமானியமானதன்று; அதனாலேயே, கொடுத்த பணத்துக்கு ஈடாக மீன்களை எண்ணும் ஆசை எவருக்கும் எழும். அந்த ஆசைக்கு இடம் கொடாதீர்கள். பெரும்பாறை போன்ற மீன் இருபது கிலோ எடைக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பாறைத்திட்டில் அவ்வாறு வளர்ந்தவை சிலவே இருக்கும். ஒரு நாள் பொழுதுபோக்குக்காக அவற்றைக் கொன்று குவித்தால், அடுத்துவரும் படகுக்கும், அந்தத் தீவில் தொழில் செய்யும் மீனவனுக்கும் மிஞ்சுவது வெறுங்கடல்தான். உணவுக்கு ஒன்றிரண்டு போதும். மற்றவற்றை முறைப்படி விடுவியுங்கள். விடுவிக்கும் முறை கைவராதவரை ஏரிக்கரையிலேயே பழகிக்கொண்டிருங்கள். கடல் எங்கும் போய்விடாது; அடுத்த ஜனவரியில் போகலாம்.